சித்தப்பாவின் இடது கண்ணும் ஒரு கட்டியின் கதையும்

போன வருஷம் மாசி மாதம். காலை ஏழரை மணி இருக்கும். அடுத்த தெருக் கணக்கு வாத்தியார் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். வழக்கமாக வந்ததும் பேப்பரை எடுத்துப் பிரிப்பவர், அன்று பேப்பரைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. டாக்டர் சொன்னது எதுவும் மண்டையில ஏறல. லிம்போமான்னு ஒரு வார்த்தை மட்டும்தான் ஏறிச்சு."

ஒரு வருஷமாகவே அவருடைய வலது கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு தடிப்பு தெரியும். வலி கிடையாது, பார்வையிலும் குறை இல்லை. கொய்யாப் பழத்தைப் பிளந்தால் உள்ளே ஒரு சிவப்பு இருக்குமே, அந்த நிறம். மெட்ராஸ் ஐ மிச்சம் என்று நினைத்து ஆறு மாதம் சொட்டு மருந்து விட்டிருக்கிறார். கடைசியில் ஒரு கண் டாக்டர் சின்னத் துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பியதில் வந்த ரிப்போர்ட் அது.

நான் டாக்டர் இல்லை. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். 1972 முதல் 2008 வரை அரசு மருத்துவக் கல்லூரிகளின் நோய்க்குறியியல் துறையில் லேப் டெக்னீஷியன். டாக்டர்கள் வெட்டி அனுப்பும் சதைத் துண்டை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. பார்த்துச் சொல்வது டாக்டர் வேலை. ஆனாலும் முப்பத்தாறு வருஷம் அடுப்படியில் நின்றவனுக்கு ருசி தெரியாமல் போகுமா?

ரிப்போர்ட்டைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வாத்தியார் கேட்ட கேள்விதான் அந்த நிம்மதியைக் கெடுத்தது.

"எத்தன வருசம்னு மட்டும் சொல்லுங்க. பேத்தி கல்யாணத்தப் பாப்பேனா?"

அவருக்கு உடனே ஒரு பதில் சொன்னேன். அதைக் கடைசியில் எழுதுகிறேன். அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்பதற்கு இருநூறு வருஷக் கதை இருக்கிறது. அதில் எங்கள் குடும்பத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1974ல் என் சித்தப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. சொசைட்டியில் கிளார்க். இடது கண் மெல்ல மெல்ல முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. அதற்கும் வலி கிடையாது. வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். துண்டு வெட்டிப் பார்த்தார்கள். பிறகு கண், அதைச் சுற்றியிருந்த கொழுப்பு, தசை, இமை எல்லாவற்றையும் சேர்த்துக் கண்குழியையே காலி செய்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் 'லிம்போசார்கோமா' என்று ஒரே ஒரு வார்த்தை. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த வார்த்தையைப் படித்துவிட்டு, சித்தப்பா அடுத்த தீபாவளி வரை தாங்கமாட்டார் என்று நினைத்தேன். சித்தியிடம் சொல்லவில்லை.

சித்தப்பா அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் இருந்தார். 1999ல் நெஞ்சுவலியில் போனார், எழுபத்தேழு வயதில். கண்ணை எடுத்ததால்தான் உயிர் பிழைத்தார் என்று வீட்டில் எல்லாரும் நம்பினோம். நானும்தான். அவர் மட்டும் எந்த போட்டோவிலும் நேராக நிற்கமாட்டார். மகள் கல்யாண ஆல்பம் முழுக்க வலது பக்கத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிற்பார். கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளே பஞ்சு வைத்திருப்பார். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வரப் பயப்படும் என்று அவரே அவர்களைத் தூக்கமாட்டார்.

இனி நோயின் கதை.

நம் உடம்பில் ரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றின் வழியில் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று அங்கங்கே முடிச்சுகள். காலில் புண் வந்தால் தொடையில் நெறி கட்டுகிறதே, அதுதான். அதில் இருக்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை லிம்போசைட். அந்த அணு கட்டுமீறிப் பெருகினால் அது லிம்போமா.

இதை முதலில் எழுதி வைத்தவர் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் இருந்த தாமஸ் ஹாட்ஜ்கின். இறந்துபோன ஏழு பேரின் வீங்கிய முடிச்சுகளையும் மண்ணீரலையும் பற்றி 1832ல் ஒரு கட்டுரை. அதை அந்த நாளில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதே ஆஸ்பத்திரியின் சாமுவேல் வில்க்ஸ்தான் 1865ல் 'ஹாட்ஜ்கின் நோய்' என்று பெயர் வைத்தார். ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த ஏழு பேரின் சதைத் துண்டுகளில் சில கைஸ் மியூசியத்தில் ஜாடிகளில் அப்படியே இருந்தன. 1926ல், கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, ஹெர்பர்ட் ஃபாக்ஸ் என்ற நோய்க்குறியியலாளர் அவற்றைச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சிலவற்றில் ஹாட்ஜ்கின் சொன்ன நோயேதான் இருந்தது. நூறு வருஷத்துச் சதை சீவக் கொடுத்தது என்றால் அதைப் பதப்படுத்தி வைத்த கைக்கு ஒரு கும்பிடு போடவேண்டும்.

கண்ணைச் சுற்றி வருவது பெரும்பாலும் ஹாட்ஜ்கின் நோய் இல்லை. அது அல்லாத மற்ற லிம்போமாக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியர்கள் 'லிம்போசார்கோமா' என்றும் 'வீரிய லிம்போமா' என்றும் பெயர்கள் வைத்தார்கள். அந்தப் பெயர்கள் நூறு வருஷம் நிலைத்துவிட்டன. என் சித்தப்பா சீட்டில் இருந்தது அப்படி வந்த பெயர்தான். அந்த ஒரே பெயருக்குள் ஆறு மாதத்தில் கொல்லும் நோயும், முப்பது வருஷம் கூடவே வாழும் நோயும் ஒன்றாகக் கிடந்தன. பாம்பு என்று மட்டும் சொல்லிவிட்டு, சாரையா நாகமா என்று சொல்லாத மாதிரி.

கண் டாக்டர்களுக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. கண்குழிக்குள் நிணநீர் முடிச்சே கிடையாது. கண்ணின் வெள்ளையை மூடிய மெல்லிய சவ்வில் கொஞ்சம் லிம்போசைட்டுகள் இருக்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட இடத்தில் லிம்போசைட்டுகள் குவிந்து கட்டியாக நின்றால், அது புற்றுநோயா, வெறும் அழற்சியா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே 'சூடோடியூமர்', அதாவது போலிக்கட்டி, என்று ஒரு பெயர் புழங்கியது. எங்கள் லேபிலும் இந்த ஸ்லைடுகள் வரும். ஒரு புரொபசர் லிம்போமா என்பார், இன்னொருவர் சூடோடியூமர் என்பார். ரிப்போர்ட்டில் இரண்டையும் எழுதி, இரண்டுக்கும் முன்னால் கேள்விக்குறி போட்டு அனுப்பியதை நானே டைப் அடிக்கக் கொடுத்திருக்கிறேன். போலிக்கட்டி என்று அனுப்பி வைத்தவர்களில் சிலர் ஐந்தாறு வருஷம் கழித்து வேறு இடத்தில் கட்டியோடு திரும்பி வந்தார்கள். லிம்போமா என்று பயமுறுத்தி அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. செத்துப்போயிருப்பார்கள் என்று நினைத்தோம். நன்றாக இருந்ததால்தான் வரவில்லை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

வைத்தியம் என்று பார்த்தால், முதலில் கத்தி மட்டும்தான். கண்ணை எடுக்கும் அறுவையை டிரெஸ்டனில் இருந்த பார்ட்டிஷ் 1583லேயே படம் போட்டு எழுதிவிட்டார், மயக்க மருந்து வருவதற்கு இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் முன்பே! 1895ல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். 1902ல் சிகாகோவில் பியூசி என்ற டாக்டர் அதை ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்குக் காட்டினார். முடிச்சுகள் கரைந்தன. லிம்போசைட்டுக்குக் கதிர் ஆகவே ஆகாது என்பது அன்றே தெரிந்துவிட்டது. மருந்து வந்தது யுத்தத்தில். விஷவாயு ஆராய்ச்சியிலிருந்து பிறந்த நைட்ரஜன் மஸ்டர்டை 1942 ஆகஸ்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், லிம்போசார்கோமா முற்றிய ஒருவருக்கு ஊசியில் ஏற்றினார்கள். கட்டி அதிசயமாகச் சுருங்கியது, மறுபடி வளர்ந்தது, டிசம்பரில் அவர் இறந்தார். கீமோதெரபி என்று இன்று சொல்வதெல்லாம் அங்கே தொடங்கியதுதான்.

நம் ஊரில் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் 1954ல் தொடங்கியது. முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சி. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கோபால்ட் கதிர்க் கருவியும் அங்கே வந்துவிட்டது. சித்தப்பாவுக்குக் கண் போனது 1974ல். இடையில் இத்தனை வருஷம். அவரை மெட்ராஸுக்குக் கொண்டுபோகலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியிலும் யாரும் சொல்லவில்லை. லிம்போசார்கோமா என்ற பெயரைக் கேட்டதும் வெட்டி எறி என்பதுதான் முதல் யோசனை.

அந்தப் பெயர் எப்படி உடைந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அது ஆப்பிரிக்காவில் ஆரம்பிக்கிறது.

டென்னிஸ் பர்கிட் அயர்லாந்துக்காரர். சிறு வயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். ஒற்றைக் கண்ணோடு சர்ஜன் ஆகி உகாண்டாவில் வேலை பார்த்தார். அங்கே குழந்தைகளுக்குத் தாடையிலும் கண்குழியிலும் கிடுகிடுவென்று வளரும் கட்டி வந்தது. சில வாரங்களில் முகமே மாறிவிடும், கண் வெளியே தள்ளிவிடும். 1958ல் இதைப் பற்றி எழுதினார். 1961ல் இரண்டு நண்பர்களோடு ஒரு பழைய வேனில் பத்தாயிரம் மைல் சுற்றி, இந்தக் கட்டி எந்தெந்த ஊரில் வருகிறது, எங்கே வரவில்லை என்று கேட்டுக் குறித்தார். வெப்பமும் மழையும் மலேரியாவும் உள்ள ஊர்களில்தான் வந்தது. அவருடைய லண்டன் பேச்சைக் கேட்ட ஆந்தனி எப்ஸ்டீன், கட்டித் துண்டுகளை வரவழைத்து ஆராய்ந்து, 1964ல் தன் கூட்டாளிகளோடு அதில் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். அதுதான் எப்ஸ்டீன்-பார் வைரஸ். இவ்வளவு வேகமாக வளரும் கட்டி மருந்துக்கும் அதே வேகத்தில் கரைந்தது. நாலைந்து ஊசியிலேயே பிழைத்த குழந்தைகள் உண்டு.

அப்போது கம்பாலாவில் அந்தக் கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வகைப்படுத்தியவர்களில் ஒருவர் டென்னிஸ் ரைட் என்ற இளைஞர். பிறகு இங்கிலாந்து திரும்பி சவுதாம்ப்டனில் புரொபசர் ஆனார். அங்கே அவரோடு சேர்ந்தவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பீட்டர் ஐசக்சன். இருவரும் 1983ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இரைப்பையிலும் குடலிலும் வரும் ஒருவகை லிம்போமா, நிணநீர் முடிச்சில் வருவது போல இல்லை. குடல் சுவரில் இயற்கையாகவே இருக்கும் லிம்போசைட் திட்டுகளைப் போல இருக்கிறது. வந்த இடத்திலேயே பல வருஷம் சாதுவாகக் கிடக்கிறது என்றார்கள். சளிச்சவ்வு சார்ந்த லிம்போமா என்று பொருள் வரும் ஆங்கில வார்த்தைகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து, 'மால்ட்' என்ற பெயர் நிலைத்தது. இதே சாது வகைதான் எச்சில் சுரப்பியிலும், தைராய்டிலும், நுரையீரலிலும், கண்ணைச் சுற்றியும் வருகிறது என்பது அடுத்தடுத்த வருஷங்களில் தெளிவானது. எங்கள் புரொபசர்கள் கேள்விக்குறி போட்ட 'போலிக்கட்டி'களில் ஒரு பெரும் பங்கு இதுதான். 1994ல் வந்த புதிய வகைப்பாட்டில் அதற்குத் தனி நாற்காலி கிடைத்தது. 'லிம்போசார்கோமா' என்ற சொல் அதற்கு முன்பே புத்தகங்களிலிருந்து போய்விட்டது.

குழந்தையின் கண்ணை வாரக்கணக்கில் வெளியே தள்ளும் கட்டியைப் பார்த்த அதே ரைட்தான், வருஷக்கணக்கில் அசையாமல் கிடக்கும் கட்டியையும் அடையாளம் காட்டியிருக்கிறார். இரண்டும் ஒரே பெயரில் கிடந்தவை.

சரி, நிணநீர்த் திசுவே இல்லாத இடத்தில் இது எப்படி முளைக்கிறது? இதற்கு விடை இரைப்பையிலிருந்து கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அல்சருக்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று சொன்னதும், மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டியதும், 2005ல் நோபல் பரிசு வாங்கியதும் நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த ஹெலிகோபேக்டர் கிருமி இரைப்பை லிம்போமாக்காரர்களிடமும் இருந்தது. 1993ல் ஐசக்சன் குழுவைச் சேர்ந்த வாதர்ஸ்பூன், ஆறு நோயாளிகளுக்குக் கிருமியை ஒழிக்கும் மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்த்தார். ஐந்து பேருக்கு லிம்போமா மறைந்தது. புற்றுநோய், ஆன்டிபயாட்டிக்கில்! அந்த வருஷம் எங்கள் துறையில் ஒரு புரொபசர் இதை வகுப்பில் சொன்னபோது பையன்கள் சிரித்தார்கள், அவர் கேலி செய்கிறார் என்று.

எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ஒரு ஊரில் கலவரம் என்று போலீஸ் வந்து கூடாரம் போடுகிறது. கலவரம் அடங்காமல் புகைந்துகொண்டே இருந்தால் போலீசும் போகாது. வருஷக்கணக்கில் தங்கினால் அங்கேயே குடும்பம் பெருகும், ஒருநாள் அவர்களே ஊருக்குத் தொல்லை ஆவார்கள். கலவரக்காரனைப் பிடித்துவிட்டால் கூடாரம் தானே காலியாகும், அதுவும் காலாகாலத்தில் பிடித்தால். லிம்போசைட் கதை அப்படித்தான்.

கண்ணில் அந்தக் கலவரக்காரன் யார்? இத்தாலியில், மிலான் நகரத்து ஃபெரேரியும் அவர் கூட்டாளிகளும் 2004ல் கண்ணைச் சுற்றிய லிம்போமா நாற்பது பேரின் துண்டுகளைச் சோதித்தார்கள். முப்பத்திரண்டில் கிளமிடியா சிட்டசி என்ற கிருமியின் தடயம் இருந்தது. கிளி, புறா போன்ற பறவைகளிடமிருந்து மனிதனுக்கு ஒட்டும் கிருமி. பெயரே கிளிக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அடுத்து டாக்சிசைக்ளின் கொடுத்துப் பார்த்தார்கள். எலிக்காய்ச்சலுக்கு நமக்குக் கொடுப்பார்களே, அதே மாத்திரை, மூன்று வாரம். 2012ல் வந்த சோதனை முடிவில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்குக் கட்டி சுருங்கியிருந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடவேண்டாம். மற்ற நாடுகளில் தேடியபோது இந்தக் கதை அப்படியே ஒத்துவரவில்லை. கொரியாவில் நிறையப் பேருக்கு அந்தக் கிருமி இருந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவின் சில ஊர்களிலும் தேடித் தேடிப் பார்த்தும் ஏறத்தாழ இல்லை. ஒரே நோய்க்கு ஊருக்கு ஊர் வேறு காரணம் இருக்கலாம் என்று இன்று எண்ணுகிறார்கள். பர்கிட் வேனில் சுற்றியது போல இதற்கும் யாராவது சுற்றவேண்டும் போலிருக்கிறது.

இனி வாத்தியார் கேட்ட கணக்கு. அவர் கணக்கு வாத்தியார் அல்லவா, எண் இல்லாமல் பேசினால் விடமாட்டார்.

நியூயார்க்கில் நோல்ஸ், ஜேக்கபீக் என்ற இருவர் 1977 முதல் 1987 வரை இப்படிப்பட்ட 108 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1990ல் எழுதினார்கள். அவர்கள் சொன்னதில் முக்கியமானது இடம். கண்ணின் மேல்சவ்வில் கட்டி வந்தவர்களில் நூற்றுக்கு 20 பேருக்குத்தான் உடம்பின் வேறு இடத்திலும் லிம்போமா இருந்தது அல்லது பின்னால் வந்தது. கண்குழியில் வந்தவர்களில் 35 பேர். இமையில் வந்தவர்களில் 67 பேர். பார்க்கச் சின்னதாகத் தெரியும் இமைக் கட்டிதான் அதிகம் பயப்பட வேண்டியது. யாரும் எதிர்பார்க்காத விஷயம்.

அதைவிடப் பெரிய கணக்கு 2019ல் வந்தது. பல நாட்டு மையங்கள் சேர்ந்து, 1980லிருந்து வந்த 797 கண்குழி லிம்போமா நோயாளிகளின் ஏடுகளைத் திரட்டின. இங்கே வகைதான் தலைவிதி. பாதிக்கு மேல், நூற்றுக்கு 57 பேருக்கு, மேலே சொன்ன சாது வகை. அவர்களில் பத்து வருஷத்தில் இந்த நோயால் சாகாதவர்கள் நூற்றுக்கு 92. அடுத்த சாது வகையான ஃபாலிக்குலர் லிம்போமாவில் 71. வேகமாக வளரும் பெரிய செல் வகையில் 41. மேன்டில் செல் என்ற வகையில் 32. அந்த மேன்டில் செல் பெரும்பாலும் வயதான ஆண்களுக்கு வருவது. கண்ணில் தெரியும்போதே உடம்பில் வேறெங்கும் பரவியிருக்கும்.

92க்கும் 32க்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். நான்கு பேரும் ஒரே மாதிரிக் கண் வீக்கத்தோடுதான் டாக்டரிடம் போயிருப்பார்கள். 1974ல் நான்கு பேருக்கும் ஒரே சீட்டுதான் கொடுத்திருப்பார்கள்.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது என்றும் வாத்தியாருக்குச் சொன்னேன். இது 'இந்த நோயால் சாகாதவர்' கணக்கு. இந்த நோய் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு வருவது. பத்து வருஷத்தில் மாரடைப்பு வரும், சர்க்கரை வரும், பைக்காரன் இடிப்பான். அவற்றையெல்லாம் சேர்த்த கணக்கு இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அது நோயின் குற்றமில்லை. இன்னொன்று, இவை பழைய நோயாளிகளின் கணக்கு. 1997ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிட்டுக்சிமாப் என்ற மருந்து வருவதற்கு முன்னால் வைத்தியம் பார்த்தவர்களும் இதில் இருக்கிறார்கள். வேகமான வகைகளில் அந்த மருந்து நிறைய மாற்றியது. அதனால் 41 என்ற எண்ணைப் பார்த்து இன்று ஒருவர் உயில் எழுத உட்காரவேண்டியதில்லை.

மறுபக்கமும் உண்டு, மறைக்கக்கூடாது. சாது வகை கொல்லாதே தவிர, மறப்பதில்லை. பத்து வருஷம், பதினைந்து வருஷம் கழித்து அடுத்த கண்ணிலோ வேறு இடத்திலோ தலைகாட்டும். அபூர்வமாக வேகமான வகையாக மாறவும் செய்யும். 'ஐந்து வருஷம் தாண்டிவிட்டது, குணம்' என்று மற்ற புற்றுநோய்களில் சொல்கிற பேச்சு இதில் செல்லாது. ஆயுசுக்கும் வருஷம் ஒருமுறை போய்க் காட்டவேண்டும். கண்ணைச் சுற்றி வருவது வேறு, கண் உருண்டைக்கு உள்ளே வருவது வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உள்ளே வரும் லிம்போமா மூளையோடு சம்பந்தப்பட்டது, அதற்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

வைத்தியமும் குறைந்துகொண்டே வருகிறது. கதிரின் அளவை 'கிரே' என்று சொல்வார்கள். ஒரு காலத்தில் நாற்பது கிரே வரை கொடுத்தார்கள். கண் வறண்டுபோகும், புரை விழும். 2011ல் பிரிட்டனில் வெளிவந்த ஒரு பெரிய சோதனை, சாது லிம்போமாக்களுக்கு 24 கிரே கொடுத்தாலே அதே பலன் என்று காட்டியது. 2024ல் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சனிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. கண்ணைச் சுற்றிய சாது லிம்போமாக்காரர்கள் ஐம்பது பேருக்கு முதலில் வெறும் 4 கிரே, இரண்டே தடவை. தேவைப்பட்டால் மட்டும் மேலே கொடுப்பது. ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு அதுவே போதுமாக இருந்தது. கண்குழியையே காலி செய்ததில் தொடங்கி, இரண்டு நாள் கதிருக்கு வந்து நிற்கிறது.

வாத்தியாருக்கு வந்தது சாது வகை. மேல்சவ்வில் மட்டும். உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள், எலும்பு மஜ்ஜையும் பார்த்தார்கள், வேறெங்கும் இல்லை. அன்று திண்ணையில் நான் அவரிடம் சொன்னது இதுதான்: "சார்வாள், நீங்க சாகப்போறது நிச்சயம். ஆனா இதுல சாகமாட்டீங்க. பேத்திக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிங்க." இப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லைதான். ஸ்கேன் வருவதற்கு முன்னால் சொன்னது தப்பு என்று பிறகு என் மகள் திட்டினாள். பன்னிரண்டு நாள் கதிர் கொடுத்தார்கள், மொத்தம் 24 கிரே. ஒன்றரை மாதத்தில் தடிப்பு காணாமல் போனது. கண் மட்டும் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்று சொட்டு மருந்தைப் பையிலேயே வைத்திருக்கிறார். புரைக்கு எப்படியும் ஆபரேஷன் பண்ணவேண்டிய வயசுதானே என்று அவரே சொல்லிக்கொள்கிறார்.

சித்தப்பாவுக்கு வந்தது எந்த வகை? ஒரு வருஷம் மெல்ல வளர்ந்தது, வலியில்லாதது, ஊசி மருந்து எதுவும் இல்லாமல் இருபத்தைந்து வருஷம் திரும்பி வராதது. நான் பார்த்த ஸ்லைடுகளை வைத்து யூகித்தால் அதுவும் சாது வகையாகத்தான் இருக்கவேண்டும். அப்படியானால் கண்ணை எடுத்ததால் அவர் பிழைக்கவில்லை. கண் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார். அறுத்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் இருந்த பெயர் அது ஒன்றுதான். கோபால்ட் இருந்ததே என்று மட்டும் சில ராத்திரிகளில் தோன்றும்.

2006ல், ரிட்டையர் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்னால், அந்த ஆஸ்பத்திரிக்கே போனேன். சித்தப்பாவின் மெழுகு பிளாக் இருந்தால் வாங்கிவந்து, புதுச் சாயங்கள் போட்டுப் பார்க்கலாம் என்று ஆசை. அங்கே இருந்த டெக்னீஷியன் தம்பி மரியாதையாக உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பழைய பிளாக்குகளை இடம் இல்லை என்று எப்போதோ கழித்துவிட்டார்களாம். பழைய ரிஜிஸ்டர் ஒன்று மட்டும் இருந்தது. புரட்டிப் பார்த்தோம். 1974, சித்தப்பா பெயர், வயது, இடது கண்குழி, பிளாக் நம்பர். கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. அதை யாரோ பிறகு நீல மையில் அடித்திருந்தார்கள்.

சித்திக்கு இப்போது தொண்ணூற்றொன்று. இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. கண்ணை எடுத்துப் புருஷனைக் காப்பாற்றிக் கொடுத்த டாக்டருக்கு இன்றும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது ஒரு வார்த்தை வேண்டிக்கொள்கிறாள்.

வாத்தியாருக்கு அடுத்த செக்கப் வரும் பங்குனியில். பேத்திக்கு ஜாதகம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் காலத்து மைக்ரோடோம் கத்தியைத் தீட்டுவது எப்படி என்று போன பதிவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். அது பெரிய கதை, அடுத்த முறை எழுதுகிறேன்.